மாமன் மடியும் ஒரு கொத்து முடியும்

சட்டைப் பைக்குள்தான் இருக்கிறது. கைக்குட்டையில் நாலாக மடித்து உள்ளே திணித்து, அதன்மேல் செல்போனைச் செருகி, வெளியிலிருந்து ஒருமுறை அழுத்தியும் பார்த்துக்கொண்டேன். ஒரு கொத்து முடி என்ன கனம் கனத்துவிடும், ஆனால் கனக்கிறது. என் மகள் மிர்த்திகாவின் முடி. என் மகள். இந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லும்போது இப்போதெல்லாம் நடுவில் ஒன்று தட்டுகிறது, சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி, விழுங்கவும் முடியாது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு துப்பவும் முடியாது. எதிரே பந்தலுக்குக் கீழே அவள் மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். மொட்டைத் தலை, தலை முழுக்கச் சந்தனம், அழுது சிவந்த மூக்கு. மாமன் என்றால் என் மனைவி கார்த்தீஸ்வரியின் தம்பி சுருளிவேல், தேனியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, இன்றைக்குக் கல்யாணமே அவனுக்குத்தான் என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறான். முடி இறக்கியாகிவிட்டது, காது குத்த வேண்டும், குத்த வேண்டிய ஆசாரி இன்னும் வரவில்லை. முகூர்த்த நாள் பாருங்கள், ஆண்டிபட்டிப் பக்கம் வேறொரு கோவிலில் வேலையை முடித்துவிட்டு வந்துகொண்டே இருக்கிறாராம், ரொம்ப நேரமாக வந்துகொண்டே இருக்கிறார். எங்கள் குலசாமி கருப்பு அரிவாளைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார், கிடாய்க்கறி அண்டாவில் கொதித்தபடி காத்திருக்கிறது, மைக்செட்காரன் பாட்டைப் போட்டுப் போட்டு நிறுத்துகிறான். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் சட்டைப் பையைக் காவல் காக்கிறேன்.

எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. நாவிதர் கத்தியை வைத்ததும் பிள்ளை வீரிட்டாள், எல்லார் கண்ணும் அவள் மேல் இருந்தது. கார்த்தீஸ்வரி ஈரத்துண்டோடு எனக்கு முதுகு காட்டி நின்றாள். அவளைப் பெற்ற என் அத்தை கையெடுத்துக் கும்பிட்டு, "கருகருன்னு அடர்த்தியா முளைக்கட்டும் சாமி, முழங்கால் வரைக்கும் சடை தொங்கட்டும்" என்று வேண்டிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்து விரிப்பிலிருந்து ஒரு கொத்தை அள்ளினேன். பட்டு மாதிரி இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது, சை, அந்த வெதுவெதுப்பு இன்னும் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிச்சத்தைப் பூசாரி மஞ்சள் துணியில் முடிந்து சாமி காலடிக்குக் கொண்டுபோனார். நேர்ந்த முடி. சாமி சொத்து. ஒரு கொத்து குறைகிறது என்பது கருப்புக்குத் தெரியாமலா இருக்கும், பெற்ற தாய்க்குத் தெரியாமல் எடுத்துவிடலாம், காவல் தெய்வத்துக்குத் தெரியாமல் எடுக்க முடியுமா. சரி, தெரியட்டும், அவர் வந்து சொல்லட்டும் யார் பிள்ளை என்று. அவர் சொல்ல மாட்டார். மதுரையில் இருக்கிற பரிசோதனைக் கம்பெனி சொல்லும். போன வாரம் அவர்கள் விளம்பரத்தில் சோதனைக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று படித்துக்கொண்டே வந்தேன், முடி என்று கண்ணில் பட்டது, அதற்குள் கார்த்தீஸ்வரி காப்பியோடு வந்துவிட்டாள், திரையை அணைத்தேன். மறுநாள் வருசநாட்டுக்குப் போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டி போன் போட்டேன். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். பெயரைக் கேட்டாள், வாயில் வந்த ஒரு பொய்ப் பெயரைச் சொன்னேன். எந்த ஊர் என்றாள், அதைப் பொய் சொல்லத் தோன்றவில்லை. உங்கள் பக்கத்திலேயே எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், கூப்பிடுவார்கள் என்றாள். இதுவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாதது நிம்மதியாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

எல்லாம் ஒரு சிரிப்பில் ஆரம்பித்தது. பிள்ளைக்குத் தொட்டில் போட்ட அன்று வீடு நிறைய ஆட்கள். சுருளிவேல் தங்கச் சங்கிலியைப் பிள்ளை கழுத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான். "மச்சான், தாய்மாமனுக்கு நம்ம ஊர்ல ஏன் இம்புட்டு மரியாதை தெரியுமா? அக்கா வயித்துல வந்த புள்ள. இதுல எங்க ரத்தம் இருக்குங்கிறது நூத்துக்கு நூறு நிச்சயம். அப்பனுக்கு அப்படியா? அப்பன் நம்பணும், அம்புட்டுத்தான். அதான் ஆதியில இருந்து மாமன் மடி. பரிணாம உளவியல்னு இதுக்கு ஒரு படிப்பே இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கார்த்தீஸ்வரி, "போடா லூசு" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். அன்று சாயங்காலம் பிள்ளையைத் தூக்கியபோது முதன்முதலாக அவள் காதைப் பார்த்தேன். காது மடல் என் காது மாதிரி இல்லை. அதுவரைக்கும் என் காது எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது, கண்ணாடி முன்னால் நின்று தெரிந்துகொண்டேன். அப்பன் நம்பணும். நம்புவது என்றால் என்ன, நம்புகிறவனுக்கு நம்புகிறோம் என்பதே தெரியாது, மூச்சு விடுகிற மாதிரி. ஒருவன் வந்து நீ மூச்சு விடுகிறாய் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் ஒவ்வொரு மூச்சையும் நாமே இழுத்து விட வேண்டியிருக்கிறது. அந்த வார்த்தையைப் போனில் எழுதிப் பார்த்தேன், பரிணாம உளவியல், அதோடு சனி பிடித்தது.

நான் மோட்டார் பம்பு விற்கிறவன், ரிப்பேரும் பார்ப்பேன். ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு, வருசநாடு என்று நாள் முழுக்க வண்டியில்தான் பிழைப்பு, காதில் ஒயர். முன்னே பாட்டுக் கேட்பேன். அந்த வார்த்தையைத் தேடியதிலிருந்து போனில் ஒரு குரல் வர ஆரம்பித்தது. யாரோ ஒரு ஆள், முகம் காட்ட மாட்டான், கட்டைக் குரல், பின்னால் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஆண்களே, உங்கள் மூளை கற்கால மூளை, என்பான். ஆண்களே, குயில் காக்கா கூட்டில் முட்டை இடுகிறது, காக்கா தன் குஞ்சென்று ஊட்டுகிறது, யோசியுங்கள், என்பான். யோசித்தேன். தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஐம்பதில் போய்க்கொண்டே யோசித்தேன். பிள்ளை பிறந்ததும் அம்மா வீட்டார் என்ன சொல்வார்கள் தெரியுமா, அப்பன் ஜாடை என்று சொல்வார்கள், ஏன் சொல்கிறார்கள், உங்களைச் சமாதானப்படுத்த, ஆராய்ச்சியே இருக்கிறது, என்றான் ஒருநாள். வண்டியை நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்த அன்று அத்தை சொன்ன முதல் வார்த்தை, "பவுன்ராஜை அப்படியே உரிச்சு வச்சிருக்கு." அப்போது எனக்குக் கண் கலங்கியது. உலகத்திலேயே எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அது. இப்போது அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஏன் முந்திக்கொண்டு சொன்னாள், யார் கேட்டார்கள். சரி, உரித்து வைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா. அதுவும் சாட்சி ஆகியிருக்கும். ஜாடை உண்டு என்றாலும் சந்தேகம், இல்லை என்றாலும் சந்தேகம், இதென்ன படிப்பு, எப்படிப் போட்டாலும் பூவே விழுகிற நாணயம். இது புரிகிறது. புரிந்தும் மறுநாள் காலையில் காதில் ஒயரை மாட்டுகிறேன்.

இதில் பெரிய கூத்து, சந்தேகப்பட எனக்கு ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை. கார்த்தீஸ்வரி தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள், ஊசி குத்துவதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள், அவளுக்காகவே வருகிற சர்க்கரை நோயாளிகள் உண்டு. அங்கே இருக்கிற ஆண் என்று பார்த்தால் கணக்கு எழுதுகிற ஆரோக்கியம் சார், இளைப்பு நோய்க்காரர், மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துகொள்வார். இன்னொருவன் சாம்பிள் பெட்டியை வாங்கிப்போக வருகிற பையன், அவளை அக்கா என்பான், அவளிடம்தான் தன் காதல் தகராறை எல்லாம் புலம்புவான். இவர்கள் இரண்டு பேர் மேலும் சந்தேகப்பட்டுப் பார்த்தேன், முயற்சி செய்தேன் என்றே சொல்ல வேண்டும், முடியவில்லை. உடனே கட்டைக் குரல் சொன்னது, ஆள் தெரியாமல் இருப்பதுதான் சாமர்த்தியம். தடயம் இல்லாததே தடயம். நான் மோட்டார் ரிப்பேருக்குப் போகிறவன், மின்சாரமே வரவில்லை என்றால் மோட்டாரைப் பிரிக்க மாட்டேன். என் மனசை மட்டும் இத்தனை மாதமாகப் பிரித்துப் பிரித்துப் போடுகிறேன். அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது. என்னவென்று கேட்பது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறவளிடம் இது என் பிள்ளையா என்று ஒரு புருஷன் கேட்டுவிட்டால் அப்புறம் பதில் என்னவாக இருந்து என்ன, அந்த வீட்டில் விளக்கு எரியுமா.

சுருளிவேலிடம் கேட்டேன், சும்மா கேட்கிற மாதிரி, டீக்கடையில். மாப்ள, அன்னைக்கு என்னமோ சொன்னியே, அதெல்லாம் நெசமா என்றேன். அவன் உற்சாகமாகிவிட்டான், வகுப்பெடுக்கிறவனுக்கு வாயில் அவல். "மச்சான், அத எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. இப்ப நமக்குப் பசிக்குது, வடை திங்கிறோம். ஒடம்புக்குச் சத்து எம்புட்டு, வம்சம் தழைக்குமான்னு கணக்குப் போட்டா திங்கிறோம்? அந்தப் பசி நமக்குள்ள எப்படி வந்து சேந்துச்சுங்கிறதுதான் கேள்வி. ஒருத்தன் மனசுக்குள்ள என்ன நெனைக்கிறாங்கிறது வேற. அப்புறம் இதெல்லாம் சராசரிக் கணக்கு. தேனி ஜில்லாவுல வருசத்துக்குச் சராசரியா இம்புட்டு மழைன்னா, நேத்து உங்க தோட்டத்துல பேஞ்சுச்சுன்னு அர்த்தமா?" நான் இல்லை என்று தலையாட்டினேன். அவன் இன்னும் சொன்னான். "எங்க காலேஜ்ல சமூகவியல் மேடம் இதுக்கு என்னோட சண்டைக்கே வருவாங்க. எல்லாம் நடந்து முடிஞ்ச பெறகு ஏத்தாப்புல கதை கட்டுறீங்க, தாய்மாமன் சீருன்னா அது சொத்தும் சம்பந்தமும் கை மாறுற ஏற்பாடு, அதுல எங்கய்யா வந்துச்சு ஜீனுன்னு கேப்பாங்க. அவங்க சொல்றதும் பாதி சரிதான்." நான் அந்த மழைக் கணக்கையும் வடையையும் அங்கேயே டீக்கடையில் விட்டுவிட்டு, பாதி சரி என்பதை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அப்படியென்றால் மீதிப் பாதி? படித்தவன் பத்து விஷயம் சொல்வான், பயந்தவன் காதில் ஒன்றுதான் விழும்.

இதோ, அவன் மிர்த்திகாவின் கையில் மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழைப் பிய்த்துக் கொடுக்கிறான், அவள் தின்னப் பார்க்கிறாள், அவன் வாயிலிருந்து பிடுங்குகிறான். கால் பங்கு. அக்கா பிள்ளையில் அவன் ரத்தம் கால் பங்கு, கட்டைக் குரல் சொன்ன கணக்கு, அது நிச்சயம். அப்பனுக்கு அரைப் பங்கு, அது நம்பிக்கை. ஆனால் நான் இந்தக் கணக்கை ஒருநாள் முழுசாகப் போட்டுப் பார்த்தேன், கருகிப்போன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்ட விட்டுவிட்டுக் காத்திருந்த மத்தியானம். கார்த்தீஸ்வரி எனக்கு அசல் இல்லை. என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகள், என் முறைப்பெண். அதனால் எனக்கும் அவளுக்கும் ஏற்கெனவே அரைக்கால் பங்கு ரத்தம் ஒன்று. அப்படியானால் அவள் வயிற்றில் பிறந்தது எவன் பிள்ளையாக இருந்தாலும் அதில் என் பங்கு பதினாறில் ஒன்று, ஒரு வீசமாவது உண்டு. வெள்ளைக்காரன் போட்ட கணக்கில் மாமன் மகளைக் கட்டுகிற ஊர் வரவே இல்லை போல. சிரிப்பு வந்தது. ஒரு நிமிஷம் பெரிய ஆறுதலாகக்கூட இருந்தது, எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் முழுசாக இல்லை. அடுத்த நிமிஷம் கணக்குப் போட்ட தாளைக் கசக்கி எறிந்தேன். வீசமா? யாருக்கு வேண்டும் இந்த வீசம்? ஜீனுக்கு வேண்டுமானால் திருப்தியாக இருக்கட்டும், அது எண்ணிக்கொண்டு போகட்டும். எனக்கு வலிப்பது அது இல்லையே. அவள் என்னிடம் பொய் சொல்லியிருப்பாளோ என்பதுதான் வலிக்கிறது. சின்ன வயதில் கிணற்றில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழகியவள், எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது உப்பில்லாச் சாப்பாட்டைத் தானும் சாப்பிட்டவள், அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு சிரிப்புதானா என்பதுதான். இதை எந்தக் கம்பெனிக்கு அனுப்பிச் சோதிப்பது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைத்தால் முகம் சுண்டிப்போகிறது. நானும் ஒரு தாய்மாமன்தான். என் தங்கைக்கு இரண்டு பையன்கள், போடியில் இருக்கிறார்கள். நூற்றுக்கு நூறு நிச்சயமான கால் பங்கு, ஆளுக்குக் கால். அவர்கள் மேல் எனக்கு அப்படியென்ன பாசம் பொங்கி வழிந்தது? சின்னவனுக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் வைத்தேன், மடியில் ஒன்றுக்குப் போய்விட்டான், புது வேட்டி போச்சே என்றுதான் தோன்றியது. இந்த மிர்த்திகா என் சட்டையில் பண்ணாத அசிங்கம் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் வேலைக்கே போகாமல் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன், நெஞ்சில் வாந்தி எடுத்தாள், துடைக்கத் தோன்றவில்லை. நிச்சயமான இடத்தில் பாசம் இல்லை, நிச்சயமில்லாத இடத்தில் உயிரையே வைத்திருக்கிறேன். கணக்கு தப்பா, நான் தப்பா. காக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். பாருங்கள், நல்ல இடத்தில் போய்க்கொண்டிருந்தது, உடனே காக்கா வந்துவிட்டது.

"என்னடா பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" அம்மா. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். ஒன்றுமில்லை, வெயில் என்றேன். "ஒனக்கும் இந்தக் கோயில்லதான் குத்துனோம். ஒங்க மாமா மடியில. அவரு கையை நறுக்குன்னு கடிச்சு ரத்தம் வந்துருச்சு. அப்பவே எம் பொண்ணக் கட்டிக்கிட்டு இன்னும் கடிப்பான்னு சொன்னாரு" என்றாள். அந்த மாமாதான் கார்த்தீஸ்வரியின் அப்பா, போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. எனக்கு அந்தக் கை ஞாபகம் இருக்கிறது, புகையிலை வாசனையும். அப்பா எங்கே இருந்தார், என்றேன். "ஒங்கப்பாவா? அந்தா அந்தப் புளியமரத்தடியில போய்த் திரும்பி நின்னுக்கிட்டாரு. புள்ள அழுகிறதப் பாக்க முடியாதாம்." நான் புளியமரத்தைப் பார்த்தேன். அதன் கீழே இப்போது சமையல்காரர்கள் இலை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் அப்பா ஒருநாளாவது என் காதைக் கண்ணாடியில் தன் காதோடு வைத்துப் பார்த்திருப்பாரா. அவரிடம் போன் இல்லை, காதில் கட்டைக் குரல் இல்லை. அவருக்குப் பிள்ளை அழுததுதான் தெரிந்திருக்கிறது.

வண்டிச் சத்தம் கேட்டது. ஆசாரி வந்துவிட்டார், வேர்த்து விறுவிறுத்து, சின்னப் பெட்டியோடு. மைக்செட்காரன் பாட்டை நிறுத்தினான். எல்லாரும் நெருங்கினார்கள், நானும் எழுந்து போய் நின்றேன். சுருளிவேல் பிள்ளையின் கையைத் தன் கைக்குள் மடக்கிக்கொண்டான், அத்தை தலையைப் பிடித்துக்கொண்டாள். கார்த்தீஸ்வரி வாழைப்பழத்தைக் காட்டி, "இங்க பாரு, அம்மாவப் பாரு" என்கிறாள், அவளுக்கே கண்ணில் தண்ணீர் நிற்கிறது, நாள் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்துகிறவளுக்கு. ஆசாரி காது மடலில் மையால் ஒரு புள்ளி வைத்தார். என் காது மாதிரி இல்லாத காது. தங்கக் கம்பி உள்ளே போனது. பிள்ளை கத்தவில்லை, வாய் மட்டும் திறந்தது, மூச்சு நின்றது, முகம் கறுத்தது, அப்புறம்தான் அந்தச் சத்தம் வந்தது, என் காதில் யாரோ கம்பியைச் செருகிய மாதிரி. நான் இரண்டு எட்டு முன்னால் போயிருந்தேன். கால் எப்போது நகர்ந்தது என்று தெரியவில்லை, கை நீண்டிருந்தது, "போதும் விடுங்கய்யா" என்று என் குரலே கத்திவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு காது இருக்கே மாப்பிள்ளை என்றார் ஆசாரி. இந்தக் கால் யாரைக் கேட்டு நகர்ந்தது. இதற்குத்தான் மாதக்கணக்காகச் சாட்சி தேடினேனா, இதோ நிற்கிறதே. ஒரு கணம் எல்லாம் தெளிந்துவிட்டது, நிஜமாகவே தெளிந்தது, இந்த முடியைக் கொண்டுபோய்ச் சாமி காலிலேயே போட்டுவிடலாம் என்று நினைத்தேன். உடனே டிக் டிக் என்று கேட்டது. காக்காவும் ஓடித்தான் வரும் ஆண்களே.

"மாமா, வீடியோ எடுங்க, அடுத்த காதையாச்சும் எடுங்க" என்றாள் கார்த்தீஸ்வரி. எந்த யோசனையும் இல்லாமல் சட்டைப் பையிலிருந்து செல்போனை உருவினேன். அதோடு கைக்குட்டையும் வந்தது. கீழே விழுந்து, மடிப்பு பிரிந்து, முடி விரிப்பின் மேல் எல்லார் முன்னாலும் கொட்டியது. வெள்ளை விரிப்பில் கறுப்பாகக் கிடந்தது. பூசாரி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதென்னய்யா, நேந்த முடியில எடுத்து வச்சிருக்கீக? சாமிக்குக் குடுத்தத வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுய்யா" என்றார். வாயைத் திறந்தால் என்ன வந்துவிடுமோ என்று பயந்தேன், உண்மை வந்துவிட்டால் என்ன செய்வது. அம்மா என்னைப் பார்க்கிறாள், அத்தை பார்க்கிறாள், அந்த ஒரு கொத்து முடிக்கு இவ்வளவு கண்கள்.

"அய்யே, அது ஒண்ணுமில்ல பூசாரி" என்று கார்த்தீஸ்வரி சிரித்தாள். "மகளோட மொத முடி. ஞாபகமா வச்சுக்கணும்னு எடுத்து வச்சிருக்காரு. மக மேல அம்புட்டுப் பாசம். கருப்பு கோவிச்சுக்க மாட்டாரு, அடுத்த மொட்டையில சேத்துக் குடுத்துருவோம்." அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அடி ஆத்தி, எந்த அப்பனுக்கு இது தோணும்" என்றாள். யாரோ கை தட்டினார்கள். சுருளிவேல் பிள்ளையோடு எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டான், அவனுக்கு மைக்கைக் கண்டால் போதும். "எல்லாரும் பாத்துக்கங்க! மாமனுக்குத்தான் பாசம் ஜாஸ்தின்னு நான் தொட்டில்ல போட்ட அன்னைக்குச் சொன்னேன். எங்க மச்சான் என்னையத் தோக்கடிச்சுட்டாரு! என் படிப்பெல்லாம் வேஸ்ட்டு!" ஒலிபெருக்கியில் அவன் குரல் கோவிலை ஒட்டிய ஆற்று மணல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. பந்தலே சிரித்தது. அவ்வளவுதான், அவனுக்கு அது அன்றைக்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு, இன்றைக்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு. நான் ஒருவன்தான் அதைத் தின்று இத்தனை நாள் உயிர் வாழ்ந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது, அதைவிட அவள் மேல் அப்படி ஒரு நன்றி வந்தது, அவள் காலில் விழுந்துவிடலாம் போல. என்னைப் போய் இப்படி நம்புகிறாளே.

இரண்டாவது காதும் குத்தியாயிற்று. பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள், தேம்பிக்கொண்டே என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், காதில் இரண்டு பொட்டுத் தங்கம், மொட்டைத் தலை என் மோவாயில் சந்தனத்தோடு ஒட்டியது. போட்டோக்காரர் குடும்பமாக உட்காரச் சொன்னார். கார்த்தீஸ்வரி அந்த முடியை ஒரு இழை விடாமல் பொறுக்கி, கைக்குட்டையில் பழையபடி நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள், வைத்து உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளையின் சட்டையைச் சரிசெய்கிற மாதிரி என் பக்கம் சாய்ந்தாள். கேமராவைப் பார்த்துச் சிரித்த முகத்தை மாற்றாமலே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"நீங்க போன் போட்ட மதுரைக் கம்பெனிக்கு இங்க சாம்பிள் எடுக்கிறது எங்க லேபுதான் மாமா. பேரை மாத்துனீங்க, நம்பரை மாத்தல. கூப்பிட்டுப் பேசச் சொல்லி எங்கிட்டத்தான் வந்துச்சு."

என் கைக்குள் பிள்ளை ஒரு தேம்பல் தேம்பினாள்.

"செரச்ச முடி செல்லாது. வேரோட வேணும். இப்ப புள்ள தலையில ஒண்ணுகூட இல்ல. முளைக்கட்டும், நானே பிடுங்கித் தாரேன்."

"அண்ணே, கொஞ்சம் சிரிங்கண்ணே" என்றார் போட்டோக்காரர். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சின்ன வயதிலிருந்து நான் பார்த்த அதே சிரிப்பு, கண் மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் அத்தை மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள், பேத்தியின் மொட்டைத் தலையைத் தடவி, கருகருன்னு முளைக்கட்டும், அடர்த்தியா முளைக்கட்டும் என்று. மொட்டை போட்ட பிள்ளைக்கு எல்லாரும் அதைத்தான் வேண்டுவார்கள். நான் சாமியைப் பார்த்தேன். முளைக்கக் கூடாது, கருப்பா, என் மகளுக்கு முடியே முளைக்கக் கூடாது என்று கும்பிட்டேன்.